மாமியார் வலி மாத்திரையை முழுங்காம ஒளிச்சு வைக்கிறாங்க. ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்த வேதனையை குறைச்சுக்கிட்டா பாவமா?

நெய்தல்மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுவுல நான் வாசிக்கறதோட சரி, எழுதினது இல்ல. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலை, பங்குக் கோயில்ல கேட்டா ஊர் பூரா பரவிடும், அதான் இங்க வந்தேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

என் மாமியாருக்கு மார்புல கேன்சர். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிச்சு நல்லாத்தான் இருந்தாங்க, இப்ப முதுகெலும்புலயும் இடுப்பெலும்புலயும் பரவிடுச்சு. இனிமே கீமோ வேண்டாம்மா, வலி இல்லாம பாத்துக்கோங்கன்னு டாக்டர் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வீட்டுக்காரர் குவைத்துல. கொழுந்தன் ஒருத்தன் இருக்கான், இருக்கான்னு சொல்லிக்கலாம் அவ்வளவுதான், எப்பவும் குடி, கோயில் பக்கம் தலை வச்சு படுத்து வருஷக்கணக்கு ஆகுது. அத்தையை துடைச்சு விடறது, திருப்பிப் படுக்க வைக்கறது, பெட்பேன் எல்லாமே நான்தான். அதுல எனக்கு சலிப்பு இல்லைன்னு சொன்னா பொய், ஆனா அதுக்காக இத எழுதலை.

மாத்திரைதான் பிரச்சனை. மார்பின் 10 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. நான் கையில குடுப்பேன், வாயில போட்டு தண்ணி குடிச்சுடுவாங்க, நானும் நம்பிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவேன். ஆனா வலி மட்டும் குறையவே இல்ல. ராத்திரி சத்தம் கேட்டு பிள்ளைங்க முழிச்சுடும்னு துண்டைச் சுருட்டி வாயில வச்சு கடிச்சுக்குவாங்க, காலையில அந்தத் துண்டைத் துவைக்கிறப்ப பல்லு பட்ட இடம் இழை இழையா பிரிஞ்சு இருக்கும். போன வாரம் அலமாரி துடைக்கிறப்ப அவங்க செபமாலை டப்பாவைத் திறந்தேன், வேளாங்கண்ணில வாங்கினது, மூடியில மாதா படம் போட்டது, உள்ள பாத்தா மாத்திரை. எச்சில் பட்டு பாதி கரைஞ்சு, மணியோட ஒட்டிக்கிட்டு, காஞ்சு போய்.

ஏன் அத்தை இப்படி பண்றீங்கன்னு கேட்டா, சின்னவன் திருந்தி கோயிலுக்கு வரணும்னு என் வேதனையை ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்து நேந்துக்கிட்டேன், மாத்திரை போட்டு வலியை அடக்கிட்டா குடுத்ததைத் திருப்பிப் பிடுங்கின மாதிரி ஆயிடும் அப்படிங்கறாங்க. சிலுவையில ஆண்டவரே வெள்ளைப்போளம் கலந்த ரசத்தைக் குடுத்தப்ப வாங்கிக்கலையாம், பிரான்சு மடத்துல இருந்த புனிதை குழந்தை தெரசம்மாளும் மார்பின் போடாமலேதான் செத்தாங்களாம். எனக்கு பதில் சொல்லத் தெரியலை. அவங்க மறைக்கல்வி டீச்சரா இருந்தவங்க, நான் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கினவ.

இவரு போன்ல, மாத்திரையைப் பொடி பண்ணி கஞ்சியில கலந்து குடுத்துடு, சொல்லாதங்கறார். அது சரியா? வலியைத் தாங்கித்தான் ஆகணும்னு திருச்சபை சொல்லுதா? இன்னொண்ணு, பல வாரமா என்னால ஞாயித்துக்கிழமை பூசைக்கு போக முடியலை, அது வேற மனசை அரிக்குது.

---

இரவுப்பணி எழுதியது:

அக்கா, நான் பேலியேட்டிவ் கேர்ல, அதான் தீராத நோய்க்காரங்க வலியைக் குறைச்சுப் பாத்துக்கற பிரிவுல, நர்ஸா இருக்கேன். சாமி விஷயத்தை பெரியவங்க சொல்லட்டும், மாத்திரை விஷயம் மட்டும் நான் சொல்றேன்.

கஞ்சியில கலக்காதீங்க. கண்டிப்பா வேண்டாம். புத்தி தெளிவா இருக்கிற ஒருத்தருக்குத் தெரியாம மருந்து குடுக்கறது தப்பு, அதுக்கும் மேல மார்பின் ரொம்ப கசக்கும், ரெண்டாவது ஸ்பூன்லயே கண்டுபிடிச்சுடுவாங்க, அப்புறம் நீங்க குடுக்கிற கஞ்சியையும் நம்ப மாட்டாங்க. சாப்பாட்டையும் விட்டுட்டாங்கன்னா உங்க பாடு இன்னும் திண்டாட்டம். சில மார்பின் மாத்திரை மெதுவா கரையற மாதிரி செஞ்சது, அதைப் பொடி பண்ணா மொத்த மருந்தும் ஒரே நேரத்துல உடம்புல இறங்கி ஆபத்தாயிடும்.

முதல் வேலையா டாக்டருக்கு போன் போட்டு, அத்தை உண்மையில எவ்வளவு முழுங்கினாங்கன்னு தெரியாது, நிறைய ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு அப்படியே சொல்லிடுங்க. வெக்கப்படாதீங்க. இல்லைன்னா அடுத்த விசிட்ல வலி குறையலையான்னு கேட்டுட்டு டோஸை ஏத்திடுவார், அன்னைக்குப் பாத்து அத்தை மனசு மாறி எல்லாத்தையும் ஒழுங்கா முழுங்கினா உடம்பு தாங்காது. மறுபடி எந்த அளவுல ஆரம்பிக்கணும்னு அவர்தான் சொல்லணும்.

எலும்புக்குப் பரவின வலிக்கு மார்பின் மட்டும் இல்ல, வலி இருக்கிற இடத்துக்கு ஒரே ஒரு தடவை ரேடியேஷன் குடுத்தாலே பல பேருக்கு நல்லா கேக்கும், அதையும் கேளுங்க. முதுகெலும்புல இருக்குன்னு சொன்னதால இதையும் சொல்லிடறேன், திடீர்னு கால் மரத்துப் போச்சு, எழுந்து நிக்க முடியலை, ஒண்ணுக்கு வரலைன்னா காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போங்க.

மார்பின்னா போதை மருந்து, அடிமையாயிடுவாங்க, அது போட்டா கடைசின்னு ஊர்ல பேசுவாங்க. வலிக்காக டாக்டர் அளந்து குடுக்கிறப்ப அந்த பயம் வேண்டாம். முதல் ரெண்டு மூணு நாள் தூங்கி வழிவாங்க, பாதி மருந்தால, மீதி எத்தனையோ ராத்திரி தூங்காத தூக்கம். வாந்தி வர்ற மாதிரி இருக்கிறதும் சில நாள்ல நின்னுடும். மலச்சிக்கல்தான் போகவே போகாது, அதுக்கு தினமும் மருந்து வேணும், அதை எழுதிக் குடுத்தாங்களான்னு சீட்டைப் பாருங்க. டப்பாவுல கிடைச்ச மாத்திரையை குப்பையில போடாதீங்க, மருந்து வாங்கின இடத்துலயே திருப்பிக் குடுத்துடுங்க. குடிக்கிற ஆள் இருக்கிற வீடு வேற, மிச்ச மாத்திரை பீரோவுக்குள்ள பூட்டுல இருக்கணும், சாவி உங்க இடுப்புல.

உங்களுக்கு ஒத்தாசைக்கு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம்னு கேளுங்க, 2021ல ஆரம்பிச்ச திட்டம், படுக்கையில இருக்கிறவங்களை வீட்டுக்கே வந்து பாப்பாங்க.

---

உத்தமமனஸ்தாபம் எழுதியது:

மேல எழுதின சகோதரி மருத்துவ ரீதியா சரியா சொல்லியிருக்கலாம், ஆனா ஒரு ஆத்துமத்தோட விஷயத்தை வெறும் மாத்திரை விஷயமா ஆக்கிட்டாங்க. அந்தத் தாய் செய்யறது எவ்வளவு பெரிய காரியம்னு இந்தக் காலத்துல யாருக்கும் புரியறதில்ல. தலைவலி வந்தா மாத்திரை, தூக்கம் வரலைன்னா மாத்திரை. பரணங்கானத்து அல்போன்சம்மா எத்தனை வருஷம் படுக்கையில கிடந்து எல்லாத்தையும் ஆண்டவருக்கு குடுத்தாங்க, 36 வயசுகூட முடியாம 1946ல போய் சேந்தாங்க, 2008ல புனிதை பட்டம். கிறிஸ்துவோட பாடுகள்ல குறைவானதை என் உடம்புல நிறைவு செய்யறேன்னு அப்போஸ்தலர் சின்னப்பர், அதான் பவுல், வேதத்துல கொலோசையர் 1:24ல சொல்றார். அதைத்தான் உங்க மாமியார் செய்யறாங்க. விட்டுடுங்க. அந்தப் பையன் திரும்பி வருவான், அவங்க பலனை நீங்க தட்டிப் பறிக்காதீங்க.

---

இரவுப்பணி எழுதியது:

அண்ணா, அந்தத் துண்டைத் துவைக்கிறது நீங்க இல்ல.

---

ஓய்வுபெற்ற_கோயில்பிள்ளை எழுதியது:

சண்டை வேண்டாம். ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. நான் நாற்பது வருஷத்துக்கு மேல கோயில்பிள்ளையா, அதாவது சாமியாருக்கு ஒத்தாசையா கோயில் வேலை பாக்கறவனா இருந்தவன், சாகக் கிடக்கறவங்களுக்கு எண்ணெய் பூசற அவஸ்தைப்பூசுதலுக்கு சாமியார் பின்னாடி எண்ணெய்ச் சிமிழைத் தூக்கிட்டு எத்தனையோ வீட்டுக்குப் போனவன். தாயீ, உங்க கேள்வி புதுசு இல்ல. இதே கேள்வியை பாப்பரசர்கிட்டயே நேரா கேட்டிருக்காங்க.

இத்தாலி நாட்டு மயக்க மருந்து டாக்டர்மார் 12-ம் பயஸ் பாப்பரசருக்கு எழுதிக் கேட்டாங்க, வலியைத் தாங்கறது புண்ணியம்னா ஒரு கிறிஸ்தவன் வலி மருந்தை வேண்டாம்னுதான் சொல்லணுமா, மருந்தால ஆயுசு கொஞ்சம் குறையும்னாகூட குடுக்கலாமான்னு. 1957 பிப்ரவரி 24ல அவர் பதில் சொன்னார். கடமை எதுவும் கிடையாது, வலி மருந்து எடுத்துக்கலாம். சாவை வரவழைக்கணும்ங்கற எண்ணம் இல்லாம வலிக்காக மட்டும் குடுத்தா, ஆயுசு சுருங்கற ஆபத்து இருந்தாலும் தப்பில்ல. அதோட இன்னொண்ணும் சொன்னார், எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. வேதனை எப்பவும் மனுஷனை ஆண்டவர்கிட்ட கொண்டுபோகும்னு இல்ல, உடம்பும் மனசும் தளந்து போய் புதுசா பாவத்துல விழறதுக்கும் அதுவே காரணமாகலாம்னார். பாப்பரசர் சொன்னது தாயீ, டாக்டர் சொன்னது இல்ல. இப்ப மறைக்கல்வி நூல் 2279-ம் எண்லயும் இதேதான் இருக்கு, சாகப்போறவங்களுக்கு வலி குறைக்கிற பராமரிப்பை தன்னலமில்லாத அன்புன்னே அதுல எழுதியிருக்கு. உங்க அத்தை மறைக்கல்வி டீச்சர்ங்கறீங்க, புத்தகம் வீட்டுலயே இருக்கும், எடுத்து அவங்க கையில குடுங்க, அவங்களே வாசிக்கட்டும்.

இப்ப உத்தமமனஸ்தாபம் தம்பிக்கு. நீங்க சொல்றதுக்கும் இடம் இருக்கு. 1980 மே 5ல ரோமையில இருந்து வந்த அறிக்கையில, சில பேர் தங்களோட வேதனையில ஒரு பங்கையாவது விரும்பி ஏத்துக்கணும்னு மருந்தைக் குறைச்சுக்கறாங்க, அதைக் குறை சொல்ல முடியாதுன்னு இருக்கு. ஆனா அடுத்த வரியிலேயே அதை எல்லாருக்கும் சட்டமா வைக்கறது புத்திசாலித்தனம் இல்லைன்னும் இருக்கு. ஆக மருந்து எடுக்கறதும் குறைக்கறதும் அந்தம்மா தீர்மானிக்க வேண்டியது. மருமகளும் திணிக்க முடியாது, நீங்களும் நானும் தூரத்துல உக்காந்துக்கிட்டு தாங்கிக்கோன்னு சொல்லவும் முடியாது. அடுத்தவன் முதுகுல இருக்கிற சிலுவைக்கு நாம கைதட்டக் கூடாது தம்பி.

ஆண்டவர் ரசத்தை வாங்கலைன்னு அத்தை சொன்னது மாற்கு 15:23, சரிதான். அதோட நிறுத்திட்டாங்களே! யோவான் 19-ம் அதிகாரத்துல அவரே தாகமா இருக்குன்னு வாய்விட்டுக் கேக்கறார், கடற்பஞ்சுல தோய்ச்சுக் குடுத்த புளிச்ச ரசத்தை வாங்கிக் குடிச்சுட்டுத்தான் உயிர் விடறார். கெத்சமனி தோட்டத்துல இந்தக் கிண்ணம் என்னை விட்டுப் போகட்டும்னு வேண்டினதும் அவர்தான். சிலுவையைத் தூக்க சீரேனே ஊர் சீமோன் வந்தப்ப, வேண்டாம், என் பலன் குறைஞ்சுடும்னு அவர் தடுக்கலை.

தெரசம்மாள் விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். 1895 ஜூன் 9, திரித்துவ ஞாயிறு அன்னைக்கு அவங்க தன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தாங்க. அந்தக் காலத்து பிரான்சு மடங்கள்ல இன்னொரு வழக்கம் இருந்தது, பாவிங்க மேல விழற தண்டனையை என் மேல போடுங்கன்னு ஆண்டவரோட நீதிக்கு பலியா தன்னைக் குடுக்கறது. தெரசம்மாள் அதைக் குறை சொல்லலை, ஆனா எனக்கு அந்த வழி வேண்டாம்னுட்டாங்க. அவங்க தன்னைக் குடுத்தது இரக்கத்துக்கு. யாரும் வாங்கிக்காம ஆண்டவர்கிட்ட தேங்கிக் கிடக்கிற அன்பு என் மேல கொட்டட்டும்ங்கறதுதான் அந்த செபத்தோட சாரம். வலி குடு, இன்னும் குடுன்னு கேக்கிற செபம் இல்ல அது.

அப்புறம் காசநோய் நுரையீரல்ல இருந்து குடல் வரைக்கும் பரவி, 1897 செப்டம்பர் 30ல 24 வயசுல செத்துப் போனாங்க. மார்பின் போடலைங்கறது நிஜம். ஆனா டாக்டர் சொன்ன வைத்தியம் எதையும் அவங்க தள்ளலை, காய்ச்சின ஊசியால சூடு போட்டாங்க, வெறும் பால்தான் குடிக்கணும்னாங்க, பிடிக்காத பாலை முகம் சுளிக்காம குடிச்சாங்க. கடைசி மாசங்கள்ல கூட இருந்த சகோதரிகள் அவங்க பேசினதை எல்லாம் குறிச்சு வச்சிருக்காங்க. இதைவிடப் பெரிய வேதனை வேணும்னு நான் கேக்க மாட்டேன், நானா கேட்டு வாங்கினா அது என் சொந்த வேதனை ஆயிடும், அதை நான் தனியாத்தான் சுமக்கணும்னு சொல்லியிருக்காங்க. இன்னொரு நாள், இப்படி வலிக்கிற நோயாளி பக்கத்துல விஷ மருந்தை வைக்காதீங்க, விசுவாசம் மட்டும் இல்லைன்னா நான் ஒரு நிமிஷம்கூட யோசிச்சிருக்க மாட்டேங்கற மாதிரி சொன்னாங்க. அவ்வளவு கொடுமையான வலி. அத்தைகிட்ட இந்த ரெண்டையும் சொல்லுங்க, தெரசம்மாள் பேரைச் சொன்னா காது குடுப்பாங்க.

நேர்ச்சைக்கு வருவோம், அங்கதான் முடிச்சு. ஒரு ஆசைக்கு ஒப்புக்கொடுத்தாங்களா, இல்ல ஆண்டவருக்கு வாக்கு குடுத்து நேந்தாங்களாங்கறதை முதல்ல கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. வெறும் ஒப்புக்கொடுத்தல்னா மாத்திரை அதைத் தொடவே தொடாது, மாத்திரைக்கு அப்புறமும் மிச்சம் இருக்கிற வலி, படுத்தே கிடக்கிறது, ஒருத்தர் தூக்கினாத்தான் எழுந்திரிக்க முடியுங்கற கஷ்டம், அதெல்லாம் ஒப்புக்கொடுக்க ஏராளமா இருக்கு. நேர்ச்சையாவே இருந்தாலும் வழி இருக்கு. திருச்சபைச் சட்டம் 1196ன்படி தனிப்பட்ட நேர்ச்சையில இருந்து விடுவிக்கிற அதிகாரம் பங்குச் சாமியாருக்கே உண்டு, ஆயர் வரைக்கும் போக வேண்டாம். 1197ன்படி நேந்தவங்களே அதுக்குச் சமமான இல்ல அதைவிட நல்ல ஒண்ணா மாத்திக்கவும் செய்யலாம். வேளாங்கண்ணிக்கு நடந்து வர்றேன்னு நேந்துட்டு முட்டி தேஞ்சு போனவங்க எத்தனை பேருக்கு சாமியாருங்க மாத்திக் குடுத்திருக்காங்க! சாமியாரைக் கூப்பிடுங்க. இதை மருமகள் சொன்னா எடுபடாது, சாமியார் வாயால வரணும்.

---

மரியாயின்சேனை_லூர்து எழுதியது:

கோயில்பிள்ளை ஐயா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, நான் விட்டுப்போனதை மட்டும் சொல்றேன்மா. ஞாயித்துக்கிழமை பூசைக்கு வர முடியலைன்னு மனசைப் போட்டு உழப்பாத. நோயாளியைப் பாத்துக்கற கடமை இருக்கிறவங்களுக்கு அது பாவமே இல்ல, நோயாளியை தனியா போட்டுட்டு வந்தாத்தான் தப்பு. முதல் வெள்ளிக்கு சாமியார் அத்தைக்கு நன்மை, அதான் நற்கருணை, கொண்டு வர்றப்ப நீயும் வாங்கிக்கோ. வீட்டுல காபி குடிச்சுட்டேனே, ஒரு மணி நேரம் ஆகலையேன்னு தள்ளி நிக்காத, வயசானவங்க நோயாளிங்க மட்டும் இல்ல, அவங்களைப் பாத்துக்கறவங்களுக்கும் நன்மைக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சாப்பிடாம இருக்கிற அந்த ஒருசந்தி கிடையாதுன்னு திருச்சபைச் சட்டத்துலயே இருக்கு, 919-ம் எண். நம்ம சனத்துல பாதி பேருக்கு இது தெரியாது, நோயாளி கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு வாயைத் திறக்காம இருப்பாங்க.

நோயில்பூசுதல், அதான் ஐயா அவஸ்தைப்பூசுதல்னு சொன்னது, வாங்கிட்டாங்களா? எண்ணெயோட சாமியார் வந்தா கதை முடிஞ்சுதுன்னு நம்ம ஊர்ல நினைப்பாங்க, பக்கத்து வீட்டுல அழுகையே ஆரம்பிச்சுடுவாங்க. அதெல்லாம் பழைய காலம். ஆயர்கள் எல்லாம் கூடின ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் சாகற நிமிஷத்துக்குன்னு மட்டும் வச்சது இல்ல, நோய் முத்தினா மறுபடியும் வாங்கலாம். நெத்தியிலயும் ரெண்டு உள்ளங்கையிலயும் பூசுவாங்க. அன்னைக்கே நேர்ச்சை பேச்சையும் எடுத்துடலாம்.

இன்னொரு விஷயம். வியாதியில இருக்கிறவங்க ஒப்புக்கொடுக்கறதுன்னா வைத்தியம் வேண்டாம்னு சொல்றதுன்னு ஆயிடுச்சு நம்மகிட்ட. அன்னை தெரேசாவோட கூட ஒரு பெல்ஜியம் நாட்டம்மா இருந்தாங்க, ஷாக்லின் தெ டெக்கர்னு பேரு. அவங்க 1946 கடைசியில நம்ம மதராசுக்குத்தான் வந்து ஏழைங்களுக்கு வேலை செஞ்சாங்க, 1948ல பாட்னாவுல அன்னையைப் பாத்து சேரணும்னு இருந்தப்ப முதுகெலும்பு வியாதின்னு ஊருக்கே திரும்ப வேண்டியதாப் போச்சு. அங்க ஆபரேஷன் மேல ஆபரேஷன். 1952ல அன்னை அவங்களுக்கு எழுதினாங்க, நீங்க அங்க படுத்துக்கிட்டே வேதனையையும் செபத்தையும் குடுங்க, நாங்க இங்க வேலை செய்யறோம், ரெண்டும் ஒண்ணுதான்ங்கற மாதிரி. அப்படித்தான் நோயாளி உடன் உழைப்பாளர்கள்னு ஒரு சங்கிலியே உண்டாச்சு, ஒவ்வொரு கன்னியருக்கும் ஒரு நோயாளி துணை. அந்தம்மா மருந்தையும் விடலை, ஆபரேஷனையும் விடலை, ஒப்புக்கொடுக்கறதையும் விடலை.

உன் அன்பியத்துல, அதான் அக்கம்பக்கத்து கிறிஸ்தவக் குடும்பங்க கூடற குழுவுல, சொல்லு, இல்ல எங்க மரியாயின் சேனை செபக் குழுக்காரங்க யாராவது உங்க பங்குல இருப்பாங்க. வாரத்துல ரெண்டு மத்தியானம் ஒருத்தர் வந்து உக்காந்தா நீ தூங்கலாம். வந்து செபமாலை மட்டும் சொல்லிட்டுப் போறவங்க வேண்டாம், திருப்பிப் படுக்க வைக்கத் தெரிஞ்ச ஆளா கேளு.

---

ஞாயிறுலீவு எழுதியது:

கோச்சுக்காதீங்க, நான் கோயிலை விட்டு வெளிய வந்தவன், ஆனா இந்தக் குழுவை விட மனசு வரலை. ஒரு சந்தேகம். இவ்வளவு பாப்பரசர் ஆண்டு எண் எல்லாம் பேசறீங்க, அந்தக் கொழுந்தன்கிட்ட யாராவது போய், டேய் உங்கம்மா உனக்காக மாத்திரையைத் துப்பறாங்கடான்னு சொன்னீங்களா?

---

ஓய்வுபெற்ற_கோயில்பிள்ளை எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. ஆனா சொல்ற விதம் இருக்கு. உன்னாலதான் உங்கம்மா துடிக்கிறாங்கன்னு சொன்னா குடிகாரன் அன்னைக்கு ரெண்டு குவார்ட்டர் கூட குடிப்பான். அவனுக்கு ஒரு வேலை குடுங்க, சாயங்காலம் தெளிவா இருக்கிற நேரமாப் பாத்து, அம்மாவைத் தூக்கி உக்கார வைக்க ஒரு கை பிடிடான்னு கூப்பிடுங்க. 2-ம் ஜான் பால் பாப்பரசர் 1984 பிப்ரவரி 11ல வேதனையைப் பத்தி ஒரு திருமடல் எழுதினார், அதோட கடைசிப் பகுதி முழுக்க நல்ல சமாரியன் கதைதான். வேதனைப்படறவன் குடுக்கறதைப் பத்தி அவ்வளவு பேசிட்டு, இந்த உலகத்துல வேதனை இருக்கிறதே பாக்கிறவன் மனசுல இருந்து அன்பை வெளிய கொண்டு வரத்தான்னு அங்க வந்து நிக்கிறார். சும்மா எழுதிட்டு விட்டவரும் இல்ல, உலக நோயாளர் தினத்தை ஆரம்பிச்சு வச்சவரே அவர்தான், 2002ல அதை நம்ம வேளாங்கண்ணியிலதான் கொண்டாடினாங்க. அந்தக் கணக்குல பாத்தா, அம்மா வலி வேலை செய்ய வேண்டிய முதல் இடம் கட்டில் பக்கத்துல நிக்கிற மகன்தான், அவன் பக்கத்துலயே வரலைன்னா எப்படி?

---

உத்தமமனஸ்தாபம் எழுதியது:

1980 அறிக்கை எனக்குத் தெரியாது, வாசிச்சுப் பாக்கறேன். ஆனாலும் அந்தத் தாயோட விசுவாசத்தை யாரும் கேலி பண்ணக் கூடாது, அதை மட்டும் சொல்லிக்கறேன். சகோதரி, உங்க மாமியாருக்காக இன்னைக்கு செபமாலையில ஒப்புக்கொடுக்கறேன்.

---

நெய்தல்மருமகள் எழுதியது:

பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. லேட்டாத்தான் வர முடிஞ்சது.

டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், திட்டலை, நல்லவேளை சொன்னீங்கன்னார். அளவைக் குறைச்சு மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார், ரேடியேஷனுக்கும் எழுதிக் குடுத்திருக்கார். சாமியார் வந்தாங்க. நான் வெளிய நின்னேன், சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனம் மாதிரி உள்ள ரெண்டு பேரும் மட்டும் ரொம்ப நேரம் பேசினாங்க, அத்தை குரல்தான் ஜாஸ்தி கேட்டுச்சு, டீச்சர் இல்லையா. கோயில்பிள்ளை ஐயா சொன்ன தெரசம்மாள் பேச்சை முந்தின நாளே சொல்லியிருந்தேன், ஒண்ணும் பேசலை, எந்தப் புத்தகத்துல இருக்குன்னு மட்டும் கேட்டாங்க. சாமியார் நேர்ச்சையை மாத்திக் குடுத்துட்டாங்க, வலிக்குப் பதிலா தினமும் ஒரு செபமாலை கொழுந்தனுக்காக, முழிச்சுக்கிட்டு, தூங்காம சொல்லணும்னு. வலி இருந்தா எங்க ஒழுங்கா சொல்ல முடியும், அதனால மாத்திரை போட்டுக்கிட்டு சொல்லுங்கன்னாராம். அது அத்தைக்கு ஒத்துப்போச்சு. நோயில்பூசுதலும் ஆச்சு. பக்கத்து வீட்டக்கா அழுதுக்கிட்டேதான் வந்தாங்க, நான் காபி குடுத்து உக்கார வச்சேன்.

ஆனா அத்தை ஒரு பேரம் பேசியிருக்காங்க. வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானம் 12 மணி மாத்திரை வேண்டாமாம், ஆண்டவர் சிலுவையில தொங்கின மூணு மணி நேரம் எனக்கு விட்டுடுங்கன்னு. சாமியார், அதை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்கன்னு நைசா கழண்டுக்கிட்டாங்க. இரவுப்பணி தங்கச்சி, ஒரு வேளை விட்டா என்ன ஆகும்?

கொழுந்தன் இன்னும் அப்படியேதான். ஒரு நாள் சாயங்காலம் தூக்க வந்தான், அத்தை அவன் சட்டை காலரை மோந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லலை. மறுநாள் வரலை. அதுக்கு அடுத்த நாள் வந்தான்.

---

இரவுப்பணி எழுதியது:

அக்கா, ஒரு வேளை முழுசா விட்டா அந்த மூணு மணி நேரத்தோட நிக்காது, அப்புறம் வலி ஏறிடும், அதை இறக்கறதுக்கு ராத்திரி ஆயிடும். 12 மணி மாத்திரையை விடறதுக்குப் பதிலா அன்னைக்கு மட்டும் நேரத்தை முன்னப் பின்ன தள்ள முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, காலையில இருந்தே மாத்தி வச்சா சமாளிக்கலாம். அவர் முடியாதுன்னா முடியாதுதான், அத்தைகிட்ட அப்படியே சொல்லிடுங்க, மறைக்காதீங்க. நடுவுல தாங்க முடியலைன்னா உடனே குடுக்கிற மாதிரி ஒரு மாத்திரை கையில இருக்கட்டும், எந்த அளவுன்னு அதையும் அவர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க.

மலச்சிக்கலுக்கு மருந்து ஆரம்பிச்சாச்சா? அதைச் சொல்லவே இல்லையே நீங்க.